அகந்தையும் அரியணையும்: வேதபாடத்துக்கு எந்த ராஜாவை எடுப்பது?

ஆளுகிறவர்களின் அகந்தை, தாழ்மை, அவர்களுக்கு மேலே நிற்கும் கடவுளின் ஆளுகை. இந்தத் தலைப்பில் வேதபாடத் தொடரோ ஒருநாள் தியானக் கூட்டமோ நடத்துவது என்று முடிவானதும் எழும் முதல் கேள்வி, எந்தப் பகுதியை எடுப்பது என்பது. எபிரேய வேதாகமத்தில் இதற்குப் பஞ்சமே இல்லை. பார்வோன், சனகெரிப், நேபுகாத்நேச்சார், பெல்ஷாத்சார், தீருவின் அதிபதி என்று வெளிதேசத்தார் ஒரு பக்கம். உசியா, எசேக்கியா, மனாசே என்று யூதாவின் சொந்த ராஜாக்கள் மறுபக்கம். பலரும் அதிகம் யோசிக்காமல் தானியேல் 4-க்குப் போய்விடுகிறார்கள். அது கெட்ட தேர்வு அல்ல. ஆனால் கேட்கப்போகிறவர்கள் யார், கையில் எத்தனை வாரம் இருக்கிறது என்று பார்த்தால் அதைவிடப் பொருத்தமானது கிடைக்கலாம்.

தானியேல் 4–5, யாத்திராகமம் 5–14, ஏசாயா 10 மற்றும் 14, இரண்டாம் நாளாகமத்தின் ராஜாக்கள் என்று நான்கு பகுதிகளை இங்கே எடைபோடுகிறோம். வசன எண்கள் சபைகளில் வழங்கும் பழைய திருப்புதலின்படி. மூலமொழிப் பதிப்புகளில் தானியேல் 4:1-3 முந்தின அதிகாரத்தின் கடைசியில் நிற்கும். நம்முடைய 4:37 அங்கே 4:34. குழுவில் வெவ்வேறு பதிப்புகள் இருந்தால் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் பாதி நேரம் வசனம் தேடுவதில் போய்விடும்.

தானியேல் 4, கூடவே 5

தானியேல் 4-இன் பலம் அதன் முழுமை. எச்சரிப்பு, தவணை, வீழ்ச்சி, தெளிவு எல்லாம் 37 வசனங்களுக்குள் அடங்குகின்றன. சத்தமாக வாசித்தால் பத்து நிமிடம் போதும். பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் குடிகளுக்கு எழுதும் நிருபமாக அது தொடங்குகிறது. 1 முதல் 18 வரை நேபுகாத்நேச்சாரே பேசுகிறான். 19 முதல் 33 வரை வேறொரு குரல் அவனைப் பற்றிச் சொல்கிறது. 34-இல் அவன் மறுபடியும் வாய் திறக்கிறான். புத்தி பேதலித்து மாடுகளைப்போல் புல் மேய்ந்த காலத்தை அவன் தன் வாயால் சொல்லவில்லை. இரண்டு பேரை வைத்து இந்தக் குரல் மாற்றம் காதில் விழும்படி வாசிக்க வையுங்கள். விளக்கம் சொல்லும் வேலை பாதி குறைந்துவிடும்.

அடுத்ததாக, உன்னதமானவர் மனுஷருடைய ராஜ்யத்தில் ஆளுகை செய்கிறார் என்ற வாக்கியத்தை எல்லாரும் கோடிட்டுக்கொள்ளட்டும். 17, 25, 32 என்று மூன்று இடங்களில் அது வருகிறது. முதலில் ராஜாவின் கனவில் வரும் பரலோகக் காவலாளன் சொல்கிறான், பிறகு தானியேல், பிறகு வானத்திலிருந்து வரும் குரல். 34-இல் அதே உண்மையை ராஜா தன் சொந்த வார்த்தைகளில் பாட்டாகச் சொல்கிறான். மூன்று முறை பிறர் வாயிலிருந்து கேட்டது நான்காம் முறை தன் வாயிலிருந்து வருகிறது. அதிகாரத்தின் அமைப்பே அதுதான்.

பாடம் நடத்துகிறவர்கள் பெரும்பாலும் தாண்டிப்போகும் வசனம் 27. மாடியில் உலாவிக்கொண்டு "நான் கட்டின மகா பாபிலோன் அல்லவா" என்று சொன்ன 30-ஆம் வசனத்தைப் பிடித்துக்கொண்டு, அகந்தை என்றால் தற்பெருமைப் பேச்சு என்று முடித்துவிடுகிறார்கள். தானியேல் கொடுத்த ஆலோசனை பேச்சைப் பற்றியதே அல்ல. நீதி செய்யும், சிறுமையானவர்களுக்கு இரங்கும் என்கிறான். அதிகாரத்தில் இருப்பவனின் அகந்தை எளியவன் நடத்தப்படும் விதத்தில்தான் வெளிப்படுகிறது என்பது அவன் கணிப்பு. யூத ரபிகளின் விவாதத் தொகுப்பான பாபிலோன் தல்மூதில், பாவா பத்ரா என்ற பகுதியின் 4-ஆம் ஏட்டில், இந்த வசனத்தைப் பற்றி ஒரு விவாதம் இருக்கிறது. ராஜா அந்த ஆலோசனையைக் கேட்டுத் தருமம் செய்ததால்தான் தண்டனை 12 மாதம் தள்ளிப்போயிற்று என்றும், அப்படிப்பட்டவனுக்கு நல்ல ஆலோசனை கொடுத்ததற்காகத் தானியேலே தண்டிக்கப்பட்டான் என்றும் ரபிகள் பேசுகிறார்கள். 29-ஆம் வசனத்தின் அந்த 12 மாதத்தை அவர்கள் எவ்வளவு கவனமாகப் படித்திருக்கிறார்கள் என்பது இதிலிருந்து தெரியும்.

மாடிமேல் பேசிய பேச்சுக்குப் பின்புலம் தேவையென்றால் செங்கற்களைச் சொல்லலாம். 1899 முதல் 1917 வரை பாபிலோனில் நடந்த ஜெர்மானிய அகழாய்வில், நேபுகாத்நேச்சாரின் பெயரும் பட்டங்களும் முத்திரையிட்ட செங்கற்கள் ஏராளமாகக் கிடைத்தன. நகரத்தின் ஒவ்வொரு சுவரும் அவன் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் நின்றது.

இந்தப் பகுதியில் தடம் மாறும் இடங்கள் மூன்று. "ஏழு காலங்கள்" என்பதைப் பிடித்து வருஷக் கணக்குப் போடத் தொடங்கினால் பாடம் அங்கேயே நின்றுவிடும். அவை வருஷங்கள் என்றுகூட மூலம் சொல்லவில்லை. அவனுக்கு வந்த நோய் எது என்ற ஆராய்ச்சியும் அப்படித்தான். மூன்றாவது வரலாற்றுக் கேள்வி. அதை ஒதுக்காமல் பதில் தயாரித்துக்கொண்டு போங்கள். சாக்கடலருகே கும்ரானின் நான்காம் குகையில் கிடைத்து 1956-இல் வெளியான ஓர் அரமேயத் துணுக்கில், நபோனிதஸ் என்ற பாபிலோனிய ராஜா ஏழு வருஷம் நோயுற்று, ஒரு யூதனின் வார்த்தையால் தெளிவடைந்ததாக வருகிறது. இரண்டு கதைகளுக்கும் உறவு உண்டென்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். இதை இரண்டு நிமிடத்தில் நேராகச் சொல்லிவிடலாம். மறைத்தால், இணையத்தில் படித்துவிட்டு வரும் இளைஞர் கேட்கும்போது நீங்கள் தடுமாறுவீர்கள்.

ஐந்தாம் அதிகாரத்தை விட்டுவிட்டு நான்கை நடத்த வேண்டாம். இரண்டும் ஜோடியாகவே எழுதப்பட்டவை. 5:22-இல் தானியேல் பெல்ஷாத்சார்மேல் வைக்கும் குற்றச்சாட்டு, "இதையெல்லாம் அறிந்திருந்தும் உன்னைத் தாழ்த்தவில்லை" என்பதே. தகப்பன் என்று அந்த அதிகாரம் சொல்லும் நேபுகாத்நேச்சாருக்கு 12 மாதத் தவணை கிடைத்தது. இவனுக்கு அன்றிரவுகூட முழுதாகக் கிடைக்கவில்லை. தீர்ப்பைக் கேட்ட பிறகும் அவன் செய்தது தானியேலுக்கு இரத்தாம்பரம் உடுத்திப் பதவி கொடுத்தது மட்டுமே (5:29). ஒரு வார்த்தை ஜெபம் இல்லை. நான்காம் அதிகாரத்தை மட்டும் கேட்டவர்கள், எப்படியும் கடைசியில் தெளிவு வந்துவிடும் என்று ஆறுதலோடு வீட்டுக்குப் போவார்கள். ஐந்து அந்த ஆறுதலைத் திருத்துகிறது. வரலாற்றில் அப்போது நபோனிதஸ்தான் ராஜா, அவன் மகன் பெல்ஷாத்சார் தலைநகரில் அவனுக்குப் பதிலாக ஆண்டான், கி.மு. 539 அக்டோபரில் நகரம் பெர்சியர் கையில் விழுந்தது என்பவை பாபிலோனியப் பலகைகளிலிருந்து தெரியவருபவை. தானியேலுக்குக் கொடுத்த பதவி ஏன் மூன்றாம் அதிபதி என்று பேசப்படுகிறது என்பதற்கு இதுவே வழக்கமான விளக்கம்.

ஆனாலும் தானியேல் பகுதிக்கு ஒரு பெரிய குறை உண்டு. ராஜா அந்நியன், விக்கிரகத்தை வணங்குகிறவன், நம்மைச் சிறைப்பிடித்தவன். கேட்கிறவர்கள் எல்லாரும் தானியேல் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார்கள். மாடியில் யாரும் நிற்பதில்லை.

பார்வோன்: மூன்று வாரத்துக்குக் குறைந்தால் வேண்டாம்

போலித் தாழ்மையைக் காட்டுவதற்குப் பார்வோனைப்போல் வேறு யாரும் இல்லை. 5:2-இல் "அவர் யார்" என்று கேட்டவன், அடி விழ விழப் பேரம் பேசுகிறான். தேசத்துக்குள்ளேயே பலியிடுங்கள் (8:25), போங்கள் ஆனால் அதிக தூரம் வேண்டாம் (8:28), ஆண்கள் மட்டும் போகலாம் (10:11), ஆடுமாடுகளை விட்டுவிட்டுப் போங்கள் (10:24). நடுவில் "நான் பாவம் செய்தேன்" என்றும் சொல்கிறான் (9:27, 10:16). வாதை நின்றதும் வார்த்தை மாறுகிறது. 10:7-இல் அவன் ஊழியக்காரரே, எகிப்து அழிந்துபோனது உமக்கு இன்னும் தெரியவில்லையா என்று கேட்கிறார்கள். ஆளுகிறவனைச் சுற்றியிருப்பவர்கள் எப்போது வாய் திறக்க வேண்டும் என்று பேச இதைவிட நல்ல வசனம் கிடைப்பது அரிது.

சிக்கல், இருதயம் கடினப்பட்டது என்ற விஷயம். கர்த்தரே கடினப்படுத்திவிட்டு அவனைத் தண்டிப்பது நியாயமா என்று முதல் வாரமே கேள்வி வரும். அதற்கு ஒரு வகுப்பு முழுவதும் ஒதுக்கியே ஆக வேண்டும். பலகையில் மூன்று பத்தி போடுங்கள்: அவனே கடினப்படுத்தினான், அது கடினமாயிருந்தது, கர்த்தர் கடினப்படுத்தினார். வசனங்களை ஒவ்வொன்றாக இடம் பார்த்து எழுதச் சொல்லுங்கள். 8:15, 8:32, 9:34 முதல் பத்தியில் வரும். 7:13, 7:22, 8:19, 9:7 நடுவில். 4:21-இலும் 7:3-இலும் முன்னறிவிப்பு இருந்தாலும், கர்த்தர் கடினப்படுத்தினார் என்று நடந்த செயலாகச் சொல்லப்படுவது 9:12-இல், ஆறாம் வாதையான கொப்புளங்களின்போதுதான். இந்த வரிசை எல்லாக் கேள்வியையும் தீர்க்காது. ஆனால் விவாதம் ஊகத்திலிருந்து வசனத்துக்கு வந்து சேரும். ஒரே கூட்டத்தில் பார்வோனை முடிக்கப் பார்த்தால் இந்தக் கேள்வி பாடத்தை விழுங்கிவிடும். அவன் எந்த பார்வோன் என்ற விவாதத்துக்கும் இடம் கொடுக்க வேண்டாம். மருத்துவச்சிகளான சிப்பிராளையும் பூவாளையும் பெயர் சொல்லும் புத்தகம், ராஜாவின் பெயரைச் சொல்லாமலே விட்டிருக்கிறது. அதைச் சொல்லிக் காட்டினாலே போதும்.

ஏசாயா 10, 14: அடிபட்டவர்களுக்கு

அதிகாரம் இல்லாதவர்களிடம், அதிகாரத்தால் மிதிபட்டவர்களிடம் தாழ்மையைப் போதிப்பது கவனமாகச் செய்ய வேண்டிய வேலை. ஏற்கெனவே குனிந்திருப்பவனிடம் இன்னும் குனி என்பதுபோல் அது கேட்கும். அப்படிப்பட்ட கூட்டத்துக்கு ஏசாயா 10:5-19 பொருந்தும். அசீரியன் கர்த்தருடைய கோபத்தின் கோல். ஆனால் கோல் தன்னைக் கையாக நினைத்துக்கொண்டது. வெட்டுகிறவனுக்கு விரோதமாகக் கோடரி மேன்மைபாராட்டலாமோ என்று 15-ஆம் வசனம் கேட்கிறது. வல்லரசை ஒரு கருவியின் அளவுக்கு இறக்கிக் காட்டும் வசனம் இது.

கூடவே 2 இராஜாக்கள் 18–19-ஐ வாசிக்கலாம். கி.மு. 701-இல் அசீரிய ராஜா சனகெரிப் யூதாவைத் தாக்கியதற்கு அவனுடைய சொந்தக் கல்வெட்டே சாட்சி. அரணான 46 நகரங்களைப் பிடித்ததாகவும், எசேக்கியாவைக் கூண்டுப் பறவைபோல் எருசலேமுக்குள் அடைத்ததாகவும் அதில் எழுதியிருக்கிறான். எருசலேமைப் பிடித்ததாக எழுதவில்லை. எசேக்கியா கட்டிய கப்பத்தில் பொன் 30 தாலந்து என்று இரண்டு பக்கமும் ஒத்துப்போகிறது. வெள்ளி 300 என்கிறது இராஜாக்கள் புத்தகம், 800 என்கிறது கல்வெட்டு. சனகெரிப் கி.மு. 681-இல் தன் குமாரன் கையாலேயே மடிந்தான்.

ஏசாயா 14-ஐ எடுப்பதானால், 4-ஆம் வசனம் அதை பாபிலோன் ராஜாவைக் குறித்த பாட்டு என்று வெளிப்படையாகச் சொல்வதை முதலில் வாசித்துவிடுங்கள். 12-ஆம் வசனத்திலிருந்து தொடங்கினால் பேச்சு சாத்தானின் வீழ்ச்சிக்குப் போய்விடும், அரசர்கள் தப்பித்துவிடுவார்கள். எசேக்கியேல் 28-க்கும் இதே ஆபத்து உண்டு. அந்தத் திருச்சபை விளக்கத்துக்கு நீண்ட பாரம்பரியம் இருக்கிறது. வேறொரு நாளில் அதைப் பேசலாம்.

இரண்டாம் நாளாகமம்: சொந்த வீட்டு ராஜாக்கள்

எங்கள் தேர்வு இதுதான், குறைந்தது ஐந்து வாரம் கிடைக்குமானால். ஏற்கெனவே எல்லாருக்கும் மனப்பாடமான ஒரு வசனத்திலிருந்து தொடங்கலாம் என்பது முதல் வசதி. என் ஜனங்கள் தங்களைத் தாழ்த்தி ஜெபம்பண்ணினால் என்ற 7:14, ஜெபக்கூட்டங்களில் அடிக்கடி கேட்கும் வாக்குத்தத்தம். அந்தப் புத்தகமே பிறகு அதை ராஜாக்கள்மேல் வைத்துச் சோதித்துப் பார்க்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ரெகொபெயாமும் பிரபுக்களும் தாழ்த்தினார்கள் (12:6). எசேக்கியா தாழ்த்தினான் (32:26). மனாசே தாழ்த்தினான் (33:12). ஆமோன் தாழ்த்தவில்லை (33:23). யோசியா தாழ்த்தினான் (34:27). சிதேக்கியா, எரேமியாவுக்கு முன்பாகத் தாழ்த்தவில்லை (36:12). அத்தோடு ராஜ்யம் முடிந்தது. தொடருக்கான அட்டவணையைப் புத்தகமே எழுதிக் கொடுத்துவிடுகிறது.

அதில் உசியாவுக்கு (26-ஆம் அதிகாரம்) ஒரு வாரம் முழுவதும் கொடுங்கள். 16 வயதில் பட்டத்துக்கு வந்து 52 வருஷம் ஆண்டவன். கெட்ட ராஜாவாக அவன் அறிமுகமாகவில்லை. பெலிஸ்தியரின் அலங்கங்களை இடித்தான், வனாந்தரத்தில் துரவுகள் வெட்டினான், விவசாயத்தை நேசித்தான், 3,07,500 பேர் கொண்ட சேனை வைத்திருந்தான், அம்பும் பெரிய கல்லும் எறியும் யந்திரங்களைக் கொத்தளங்களில் நிறுத்தினான். இந்தப் பட்டியலை அவசரமாகக் கடந்துபோகக் கூடாது. திருப்பம் 15-க்கும் 16-க்கும் இடையில் இருக்கிறது: பலப்படுமட்டும் அவனுக்கு உதவி கிடைத்தது, பலப்பட்டதும் மனம் மேட்டிமையானது.

அவன் செய்தது என்ன? அந்நிய தெய்வத்தை வணங்கவில்லை, யாருடைய திராட்சத்தோட்டத்தையும் பறிக்கவில்லை. கர்த்தருடைய ஆலயத்துக்குள் போய் கர்த்தருக்கே தூபங்காட்டப் பார்த்தான். பக்தியின் உடையில் வந்த அகந்தை அது. ஆசாரியனுக்குக் கொடுத்த வேலையும் தனக்கே உரியது என்று நினைத்துவிட்டான். பிரதான ஆசாரியன் அசரியாவும் அவனோடு 80 ஆசாரியரும் ராஜாவை எதிர்த்து நின்று, வெளியே போம் என்றார்கள். கையில் தூபகலசத்தோடு அவன் கோபப்பட்ட அந்த நேரத்தில் நெற்றியில் குஷ்டம் தோன்றியது. சாகும் நாள்மட்டும் தனி வீட்டில் இருந்தான். அரண்மனையை யோதாம் பார்த்துக்கொண்டான். அவன் தன்னைத் தாழ்த்தினான் என்று அந்த அதிகாரம் சொல்லவே இல்லை. 2 இராஜாக்கள் 15:1-7 (அங்கே உசியாவின் பெயரே அசரியா) அவன் குஷ்டரோகத்தைச் சொல்கிறது, காரணத்தைச் சொல்லவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்க வையுங்கள். நாளாகமக்காரர் எதைக் கற்பிக்க விரும்புகிறார் என்பது தானாகத் தெரியும்.

சபைக் கமிட்டி, பள்ளி நிர்வாகம், ஊழிய அமைப்பு என்று பொறுப்பில் இருப்பவர்களுக்கு இதைவிடக் கூர்மையான பகுதி இல்லை. உழைத்து வளர்த்தவர், திறமைசாலி, பக்தியுள்ளவர், எல்லா வேலையும் தன் கையில்தான் இருக்க வேண்டும் என்று எண்ணத் தொடங்குகிறவர். அவரைத் தடுக்க எழுந்து நிற்க 80 பேர் இருக்கிறார்களா என்ற கேள்வியை அங்கே வையுங்கள். பெயர் சொல்லாமல், யாரையும் பார்க்காமல் வையுங்கள். ஏசாயா 6-ஐயும் சேர்க்க நேரமிருந்தால் சேர்க்கலாம். உசியா மரித்த வருஷத்தில்தான் ஏசாயா சிங்காசனத்தில் கர்த்தரைக் காண்கிறான். தீட்டுப்பட்டவனாக ஆலயத்தைவிட்டு ராஜா விரட்டப்பட்டான். அசுத்த உதடுள்ளவன் என்று அழுத தீர்க்கதரிசி அங்கே சுத்திகரிக்கப்பட்டான்.

இங்கேயும் கவனம் தேவை. குஷ்டம் என்று சொல்லப்படுவது இன்றைய தொழுநோய்தான் என்று நினைக்கவேண்டாம். லேவியராகமம் 13–14-இல் அது துணியிலும் வீட்டுச் சுவரிலும்கூட வருகிறது. நோயாளி எவரையும் தண்டிக்கப்பட்டவராகக் காட்டும் ஒரு வார்த்தைகூட வாயிலிருந்து வரக் கூடாது. இதைப் பாடத்தின் நடுவில் போகிற போக்கில் சொன்னால் போதாது, தொடக்கத்திலேயே சொல்லுங்கள்.

எசேக்கியாவில் அகந்தையும் தாழ்மையும் ஒரே மனிதனுக்குள் மாறிமாறி வருவதைக் காட்டலாம். பாபிலோன் தூதருக்குப் பொக்கிஷசாலையைத் திறந்து காட்டிய 2 இராஜாக்கள் 20-ஐச் சேர்த்து வாசிக்க வேண்டும். மனாசே கடினமானவன். 55 வருஷம் ஆண்டான், இராஜாக்கள் புத்தகத்தில் அவனுக்கு மனந்திரும்புதலே கிடையாது. யூதாவின் அழிவுக்கே அவனைக் காரணமாகச் சொல்கிறது (24:3). நாளாகமத்தில் அவன் இக்கட்டில் தன்னை மிகவும் தாழ்த்தி, திரும்பக் கொண்டுவரப்படுகிறான். அசீரிய ராஜா எசரத்தோனின் கல்வெட்டில், நினிவேயின் கட்டுமானத்துக்கு மரமும் கல்லும் அனுப்பிய 22 ராஜாக்களில் ஒருவனாக மனாசேயின் பெயர் இருக்கிறது. அசீரியாவுக்கு அடங்கியிருந்தவன் என்பதில் சந்தேகமில்லை. இரு புத்தகங்களின் வேறுபாட்டை மழுப்பாமல் குழுவின் முன் வையுங்கள்.

நாளாகமத்தைக் கணக்குப் புத்தகம்போல் படிப்பதுதான் இந்தத் தொடரின் பெரிய ஆபத்து: தாழ்த்தினால் லாபம், உயர்த்தினால் நஷ்டம். ரெகொபெயாம் தாழ்த்திய பிறகும் எகிப்தின் ராஜா சீஷாக்குக்கு அடிமையாக இருக்க வேண்டியிருந்தது (12:8). பொன் கேடகங்கள் போய் வெண்கலக் கேடகங்கள்தான் மிஞ்சின. தன்னைத் தாழ்த்திய யோசியா மெகிதோவில் அம்பு பட்டு எருசலேமில் செத்தான் (35:23-24). இந்த இரண்டையும் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எதை எடுப்பது

ஒரே ஒரு கூட்டம்தான் என்றால் தானியேல் 4-ஐ முழுதாகவும், 5:18-31-ஐ மட்டும் தொடர்ந்தும் வாசியுங்கள். விவாதத்தை 4:27-இல் நிறுத்துங்கள். பொறுப்பில் இருப்பவர்களுக்கான ஒருநாள் தியானம் என்றால் தானியேலை விட்டுவிட்டு உசியா. அடிபட்ட கூட்டம் என்றால் ஏசாயா 10. பார்வோனை, நேரமும் பொறுமையும் உள்ள வாரக் குழுவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து ஆறு வாரம் கிடைத்தால் நாளாகமம், சந்தேகமே இல்லை. எபிரேய வேதாகமம் அந்நிய ராஜாக்களைக் கண்டிப்பதைவிட நெருக்கமாகத் தன் சொந்த ராஜாக்களை விசாரிக்கிறது. அந்த விசாரணைக்குள் குழுவை உட்காரவைக்காமல், பாபிலோனைப் பற்றியே பேசி முடிப்பது பாதி வேலைதான்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் வகுப்பை உபாகமம் 17:14-20-இல் தொடங்குங்கள். ராஜா குதிரைகளையும் மனைவிகளையும் வெள்ளி பொன்னையும் பெருக்கக் கூடாது. நியாயப்பிரமாணத்துக்கு ஒரு பிரதி எழுதி உயிரோடிருக்கும் நாளெல்லாம் வாசிக்க வேண்டும். அவன் இருதயம் சகோதரர்மேல் மேட்டிமை கொள்ளக் கூடாது. ஏழே வசனங்கள். ஆளுக்கொரு தாளும் பேனாவும் கொடுத்து, ராஜாவுக்குச் சொன்னபடியே கையால் எழுதச் சொல்லுங்கள். கால் மணி நேரம் ஒதுக்குங்கள், நடுவில் பேச வேண்டாம். எழுதி முடித்ததும் 1 இராஜாக்கள் 10:14, 10:26-29, 11:3 மூன்றையும் வாசித்து, சாலொமோன் எந்தெந்த வரியை மீறினான் என்று அவரவர் தாளிலேயே குறிக்க வையுங்கள். அந்தத் தாள்களை அடுத்த வாரமும் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒவ்வொரு ராஜாவையும் அதே தாளில் வைத்துப் பார்க்கலாம்.